கொளஞ்சி சொல்லாமல் வைத்திருந்த ‘சரி’

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கொளஞ்சியிடம் ஒரு வார்த்தை வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்பான். "மழை வரும்போல இருக்குதே" என்றால் வானத்தைப் பார்ப்பான், நம்மைப் பார்ப்பான், படியேறிப் போய்விடுவான். என் மனைவி வசந்தா அவனுக்கு வாடகைக்கு விட்ட புதிதில், "அந்தத் தம்பி வாயில கொழுக்கட்டையா வச்சிருக்குது?" என்று கேட்டாள். எனக்கு அது பழகிப்போயிருந்தது. பதினைந்து வருஷம் ஒரே கம்பெனியில் அவனோடு வேலை பார்த்தவன் நான்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருந்தது அந்தக் கம்பெனி. நான் சால்டரிங் பிரிவு. அவன் டிப்ளமா முடித்துவிட்டு வந்தவன், புரோகிராம் எழுதுவான். நாங்கள் செய்தது ஒரு கார்டு. கம்ப்யூட்டருக்குள் அதைச் சொருகினால் பின்பக்கம் எட்டு வாய்கள் கிடைக்கும். எட்டு எடைமேடையையோ எட்டு டிக்கெட் மிஷினையோ ஒரே கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ளலாம். தொண்ணூற்றெட்டில் வாடிக்கையாளர்கள் சிலர், லினக்ஸிலும் இது ஓடவேண்டும் என்றார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுவது, ஆனால் யாருக்கும் சொந்தமில்லாதது. அதன் அடித்தளத்தைக் கெர்னல் என்பார்கள், மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. உலகம் முழுக்க ஆட்கள் எழுதி அனுப்பி, மெயிலிலேயே சண்டை போட்டு, நல்லதைச் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் கார்டோடு லினக்ஸ் பேசுவதற்கான புரோகிராமை, டிரைவர் என்பார்கள் அதை, கொளஞ்சி எழுதி அனுப்பினான். ஏற்றுக்கொண்டார்கள். இதற்குப் பொறுப்பு இன்னார் என்று அவன் பெயரும் மெயில் முகவரியும் அதில் ஏறியது. அன்றைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தான். ஒன்றும் பேசாமல்தான் கொடுத்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் நெல்லித்தோப்பில் வீட்டு முன்கட்டில் இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை போட்டேன். கொளஞ்சி ஒரு தனியார் கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ளப் போனான். ஆனால் அந்தப் பொறுப்பை மட்டும் விடவில்லை. கெர்னலில் எவனாவது எதையாவது மாற்றி அதனால் இவன் டிரைவர் நொண்டினால், உட்கார்ந்து சரிசெய்து அனுப்புவான். சம்பளம் இல்லாத உத்தியோகம், ராஜினாமா கொடுப்பதற்கும் எதிரே ஆள் கிடையாது.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. பாகூர்ப் பக்கத்துப் பெண், அஞ்சலாட்சி. கலகலப்பானவள். மூன்று வருஷம் இருந்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. குடி கிடையாது, அடி கிடையாது. போகிற அன்றைக்கு வசந்தாவிடம், "நல்ல மனுசன்தான்கா. ஆனா சுவத்துகிட்ட பேசுனாகூட எதிரொலின்னு ஒண்ணு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவன்மீது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாடிக்குப் போய்க் கத்தினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, "உக்காருங்கண்ணே" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டான். இவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

இப்படிப்பட்டவன் ஒருநாள் தானாகவே சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது இரண்டாயிரத்து ஏழு, கார்த்திகை மாதம். விடாத மழை. அவனுடைய யூ.பி.எஸ். கத்துவது கீழே கடைவரை கேட்டதால் பார்க்கப் போயிருந்தேன். திரையைப் பார்த்தபடி உதட்டோரம் சிரிப்பு.

"என்னாய்யா?"

"ஒருத்தன் என் டிரைவர்ல தப்பு இருக்குதுன்றாண்ணே."

தப்பு என்று சொன்னால் கோபப்படுவார்களா, சிரிப்பார்களா? உட்கார்ந்து விவரம் கேட்டேன். போலந்து நாட்டில் மாரெக் என்று ஒரு ஆராய்ச்சி மாணவன். அடுத்தவர்கள் எழுதிய கெர்னல் கோடு மொத்தத்தையும் படித்துப் பார்த்து, எங்கெங்கே ஒரே பொருளில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கை வைக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் புரோகிராம் ஒன்று செய்திருக்கிறான். அப்படிக் கை வைப்பதற்கு டேட்டா ரேஸ் என்று பெயர். அந்தப் புரோகிராம் கொளஞ்சியின் டிரைவரில் ஒரு இடத்தைப் பிடித்திருக்கிறது. இன்னும் எத்தனை எழுத்துகள் வெளியே போகாமல் காத்திருக்கின்றன என்று ஒரு எண்ணிக்கை. ஒரு பக்கம் அதை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் அதைப் படிக்கிறது. ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் பூட்டு நடுவில் இல்லை.

எனக்கு விளங்கவில்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கும். அவனாகவே உதாரணம் சொன்னான். வசந்தா குழம்பில் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டு முடிப்பதற்குள் என் தங்கை கரண்டியை விட்டு வாயில் வைத்துப் பார்த்து "உப்பே இல்ல" என்கிறாள். அதுதானாம்.

"அப்ப தப்புதானே?"

"இல்லண்ணே. அவங்க சும்மா ருசிதான் பாக்குறாங்க. நம்ம கார்டு எப்படி இருக்குதுன்னு யாராவது கேட்டா காட்டற எண்ணிக்கைதான் அது. ஒண்ணு கூடக் குறையக் காட்டும். மறுபடி கேட்டா சரியா காட்டும். இதுக்குப்போய் அடுப்பங்கரைக்குப் பூட்டு போடச் சொல்றான்."

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதே இல்லை. நான் யூ.பி.எஸ்.ஸை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாரெக் எழுதியனுப்பிய திருத்தம் மேலே போகவேண்டும் என்றால், அந்த டிரைவருக்குப் பொறுப்பான ஆள் ‘சரி’ என்று ஒரு வரி எழுதவேண்டும். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். பொறுப்பானவன் ஏதாவது சந்தேகம் கேட்டிருந்தால், அதற்குப் பதில் வந்து தீரும்வரை திருத்தம் அப்படியே நிற்கும்.

கொளஞ்சி சந்தேகம் கேட்டான். பூட்டு போட்டால் வேகம் குறையாதா? மாரெக் அளந்து பார்த்து, குறையாது என்று எழுதினான். ஒரே பிராசசர் உள்ள பழைய மிஷினில் இந்த மோதல் வரவே வராதே? இப்போது கடையில் விற்கும் மிஷினிலெல்லாம் இரண்டு இருக்கிறதே, என்றான் அவன். வெறுமனே படிக்கிற இடத்துக்கு எதற்குப் பூட்டு? இன்றைக்கு வெறுமனே படிக்கிறார்கள், நாளைக்கு அந்த எண்ணை நம்பி யாராவது ஒரு காரியம் செய்வார்கள், அப்போது உதைக்கும், என்று அவன். இருவருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆட்கள். வாரத்துக்கு இரண்டு மெயில், மூன்று மெயில். போலந்தில் விடியும்போது நமக்கு மதியம் ஆகிவிடும். கொளஞ்சி கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் திரைமுன் உட்கார்ந்துவிடுவான்.

மாரெக் மெயிலின் கடைசியில் வேறு சங்கதிகளும் எழுத ஆரம்பித்தான். இங்கே பனி கொட்டுகிறது, சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை. உங்கள் ஊரை மேப்பில் பார்த்தேன், கடற்கரையை ஒட்டி இருக்கிறது, கடல் எப்படி இருக்கும்? நான் இதுவரை உங்கள் பக்கத்துக் கடலைப் பார்த்ததில்லை.

இதற்கு என்ன எழுதுவது என்று கொளஞ்சி இரண்டு நாள் தவித்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் என் டி.வி.எஸ். வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் எங்கே போனாய் என்று கேட்டேன்.

"பீச்சுக்கு."

"எதுக்கு?"

"கடல் எப்படி இருக்குதுன்னு கேட்டான். பாக்காம எப்படி எழுதறது?"

நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரை வண்டியில் பத்து நிமிஷம்தான். அவன் அங்கே போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். பாறைகளுக்கு மேல் அலை ஏறுகிறது, தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கிறது, மழைக்காலத்தில் அப்படித்தான், என்று எழுதியதாகச் சொன்னான். அஞ்சலாட்சி இவனை ஒரு தடவையாவது பீச்சுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாளா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை.

அந்த மாதங்களில் ஆளே மாறிப்போனான். தினமும் சவரம் செய்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து, "அண்ணி, இத எப்படி வெட்டறது?" என்று வசந்தாவிடம் நின்றான். அவள் வாயைப் பிளந்துவிட்டாள். சாப்பிடும்போது மாரெக் ஊரில் கிறிஸ்துமஸுக்குக் கெண்டை மீன் சமைப்பார்களாம் என்று தகவல் சொன்னான். கேட்காமலே சொன்னான்.

பொங்கல் கழிந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இவ்வளவு நாளா ஒரு பூட்டைப் பற்றிப் பேசுவார்கள்? ஒருநாள் மாடியில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"கொளஞ்சி, உண்மையச் சொல்லு. அந்தப் பையன் சொல்றது சரின்னு உனக்கு எப்பவோ தோணிடுச்சி. வேணும்னேதான் இழுக்கற?"

திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பழைய கொளஞ்சி திரும்பிவிட்டான் என்று நினைத்தேன்.

"பூட்டு போட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போயிடாது, போடலன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போயிடாதுண்ணே. மொதல் நாளே சரின்னு எழுதியிருக்கலாம்." கீபோர்டின் தூசியை விரலால் துடைத்தான். "சரின்னு எழுதிட்டா முடிஞ்சிடும். அப்புறம் அவன் எதுக்கு எனக்கு எழுதப்போறான்?"

ஒரு வேலையும் இல்லாமல் சும்மா ஒரு மெயில் போடலாமே என்றேன். அதற்கு அவன் என்னைப் பார்த்த பார்வை, பாஷை தெரியாத ஊரில் வழி கேட்டவன் பார்வை. பூட்டைப் பற்றி எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதுவான். சும்மா எழுதுவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மாசி மகம் வந்தது. மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாள். ஊரே அங்கேதான். நானும் வசந்தாவும் காலையிலேயே போய், கூட்டத்தில் நசுங்கி, வெயிலில் கருகி, மதியம் வீடு திரும்பினோம். கொளஞ்சி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். லீவு நாளில் அவன் கீழே இறங்கி உட்காருகிற ஆள் இல்லை. வசந்தா உள்ளே போக, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாரெக்குக்கு எழுத ஒரு புது சந்தேகம் தேடுனேண்ணே," என்றான். "அந்த எண்ணிக்கைய வேற எங்கயுமே நம்பி எதுவும் செய்யல, அப்புறம் எதுக்குப் பூட்டுன்னு கேக்கலாம்னு. சும்மா கேக்கக் கூடாதுன்னு எல்லா வரியும் படிச்சிப் பாத்தேன்."

"சரி?"

"ஒரு எடத்துல நம்பியிருக்குது. நான்தான் எழுதியிருக்கேன். வேலை முடிஞ்சி கார்டோட வாயை மூடறப்போ, எல்லா எழுத்தும் போயிடுச்சான்னு அந்த எண்ணிக்கையத்தான் பாக்குது. அதே நேரத்துல அந்தப் பக்கம் மாத்திகிட்டு இருந்தா, எல்லாம் போயிடுச்சின்னு தப்பா நெனச்சிக்கும். கடைசி எழுத்து வெளிய போறதுக்குள்ள மூடிடும்."

உப்பு பார்த்தவள் சும்மா ருசி பார்க்கவில்லை. அதை நம்பிக் குழம்பையே இறக்கி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

"மாரெக்குக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அவன் புரோகிராம் மொத எடத்த மட்டும்தான் காட்டியிருக்குது."

"அப்ப விடு. வேற சந்தேகம் ஏதாவது கேளு," என்றேன். கெட்ட யோசனைதான். ஆனால் அந்தச் சமயம் எனக்கு எடைமேடையும் தெரியவில்லை, கெர்னலும் தெரியவில்லை. வஞ்சிரத்தோடு வந்து நின்றவன்தான் தெரிந்தான்.

அவன் தலையாட்டினான். "இதுவரைக்கும் கேள்விதாண்ணே கேட்டேன். பொய் சொல்லல. இனிமே கேட்டா அது பொய்."

அன்று மாலையே எழுதிவிட்டான். நீ சொன்னதுதான் சரி, நான் நினைத்ததைவிட மோசம், இந்த வரியைப் பார், இங்கே மூடும்போது இன்னது நடக்கும், உன் திருத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொள். மாரெக்கிடமிருந்து மறுநாளே பதில். துள்ளிக் குதித்திருக்கிறான். எத்தனையோ பேருக்கு எழுதினேன், பாதிப்பேர் பதிலே போடவில்லை, என்னைவிட ஆழமாகத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான், ஆராய்ச்சிக் கட்டுரையில் உங்களுக்கு நன்றி போடுகிறேன். கொளஞ்சி அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான். அன்றைக்கு அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம். இனிமேல் இரண்டு பேரும் சிநேகிதர்கள், பூட்டாவது சாவியாவது என்று நினைத்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வகை டிரைவர்களுக்கெல்லாம் மேலே பொறுப்பான ஒரு பெரியவர் உண்டு. அவர்தான் கடைசியாகச் சேர்ப்பவர். திருத்தம் அவரிடம் போனது. அவர் எழுதினார்: நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் இந்தப் பிழை ஒன்பது வருஷமாக இருந்திருக்கிறது. இரண்டு பிராசசர் மிஷின்கள் வந்தும் சில வருஷம் ஆகிறது. ஒருத்தர்கூடப் புகார் சொல்லவில்லை. அப்படியென்றால் இந்தக் கார்டை யாராவது பயன்படுத்துகிறார்களா? யாரும் இல்லையென்றால் எதற்குத் திருத்த வேண்டும்? டிரைவரையே எடுத்துவிடலாம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நியாயமான கேள்வி. பிழை பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை அந்த டிரைவர் இன்னும் பல வருஷம் ஒரு மூலையில் கிடந்திருக்கும். பிழை நிஜம் என்று கொளஞ்சியே நிரூபித்துவிட்டான். இவ்வளவு நிஜமான பிழை யாருக்கும் உறுத்தவில்லை என்றால், அங்கே ஆளே இல்லை என்றுதானே அர்த்தம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்கு அந்தப் பெரியவர் மேலும் கோபம், இவன் மேலும் கோபம், மூடிவிட்டுப் போன எங்கள் முதலாளி மேலும் கோபம்.

யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று உலகம் முழுக்கப் போகும் அந்த மெயில் பட்டியலில் கேள்வியைப் போட்டார்கள். பங்குனி முழுக்கக் காத்திருந்தார்கள். மாரெக் இவனுக்காக வாதாடினான். திருத்தம்தான் தயாராக இருக்கிறதே, போட்டுவிட்டுப் போகலாமே என்று எழுதினான். வேறு ஒரே ஒரு பதில் வந்தது, பிரேசிலிலிருந்து. என்னிடம் அந்தக் கார்டு ஒன்று இருந்தது, போன வருஷம் வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

கொளஞ்சி கல்லூரியிலிருந்து வந்து திரைமுன் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தான். சவரம் மறுபடியும் வாரத்துக்கு ஒன்றானது. வசந்தா மீன் குழம்பு கொடுத்து அனுப்பினால், பாத்திரம் கழுவிய நிலையில் வாசலில் இருக்கும். ஆள் இருக்கமாட்டான்.

கடைசியில் பெரியவர் நேராக அவனுக்கே எழுதினார். பொறுப்பானவர் நீங்கள், உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் சொல்லுங்கள், எடுக்காமல் விட்டுவிடுகிறேன். அன்று மாலை கடையில் இருந்த என்னை மாடியிலிருந்து கூப்பிட்டான். அவன் கூப்பிட்டு நான் மேலே போனது அதுதான் முதல் தடவை. மெயிலைக் காட்டினான்.

"நீ இருக்கியேய்யா," என்றேன். "நான் யூஸ் பண்றேன்னு எழுது. உன் கம்ப்யூட்டர்ல அந்தக் கார்டு சொருகித்தானே இருக்குது? பொய் ஒண்ணும் இல்லியே."

"சொருகித்தாண்ணே இருக்குது."

எழுந்து கம்ப்யூட்டரைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். நான் சால்டர் வைத்த கார்டாகவும் இருக்கலாம். எட்டு வாயும் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் வயர் இல்லை.

"அந்தப் பக்கம் ஒரு மிஷினாவது மாட்டியிருந்தாத்தான் யூஸ் பண்றேன்னு சொல்ல முடியும். இது சும்மா தனியா ஓடிட்டு இருக்குது. காலையில தொறக்கும், சாயங்காலம் மூடும். ஒண்ணும் போவாது, ஒண்ணும் வராது."

"யாருக்குய்யா தெரியப்போவுது?"

உட்கார்ந்து தட்டினான். எனக்கும் அந்த அளவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். எனக்குத் தெரிந்து யாரும் பயன்படுத்தவில்லை. எடுத்துவிடலாம். சரி. கீழே அவன் பெயர். இத்தனை மாதம் பிடித்து வைத்திருந்ததை அவ்வளவு சீக்கிரம் எழுதிவிட்டான். அனுப்பியும்விட்டான்.

கீழே கடையில் ஒருத்தர் இன்வெர்ட்டரோடு வந்து நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று எழுந்தேன்.

"அண்ணே," என்றான் கொளஞ்சி. திரையைப் பார்த்தபடியே சொன்னான். "கொஞ்ச நேரம் இருங்களேன்."

மாடியிலிருந்தே எட்டிப் பார்த்து, இன்வெர்ட்டரை வைத்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னேன். அவன் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். உட்கார்ந்தேன். அவன் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இருட்டும்வரை இருந்தேன்.